சும்மா வண்டிச் சட்டம்

ஆதிரன் எழுந்தான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினான். பொங்கும்வரை அடுப்புப் பக்கத்திலேயே நின்றான். ஒரு டம்ளர் காபி கலந்தான். மீதிப் பாலை மூடி வைத்தான். நேற்று மூடி வைத்த பால் திரிந்திருந்தது. அதைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவினான். சின்ன பாக்கெட் வாங்கலாம். கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்.

பல்துலக்கியை வாயில் வைத்துக்கொண்டு, கட்டியிருந்த லுங்கியோடு கீழே இறங்கினான். வண்டியின் கதவு திறந்தது.

“வா ஆதி, உக்காரு. சட்டை போடலயா இன்னைக்கும்?” என்றது வண்டி.

நிலானியின் குரல். நிலானி இறந்து எட்டு மாதம் ஆகிறது.

வண்டி வாசலை விட்டு இறங்கி, கொளத்தூரின் சந்துகளுக்குள் புகுந்து, ரெட்டேரிப் பக்கம் திரும்பியது. அங்கே வழக்கம்போல நெரிசல். முன்னால் நின்ற வண்டியில் ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். பக்கத்து வண்டியில் ஓர் அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பின்னால் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆனாலும் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது.

நகரத்தில் வண்டிகள் சும்மா நின்று இடத்தை அடைக்கின்றன என்று அரசுக்குக் கவலை வந்தது. கவலைப்பட்டதும் சட்டம் போட்டார்கள். அதன் முழுப்பெயர் யாருக்கும் தெரியாது. ஊரில் சும்மா வண்டிச் சட்டம் என்பார்கள். உபயோகிக்காத வண்டி பொதுச் சாலையில் நிற்கக் கூடாது. ஒன்று, சொந்த நிலத்துக்குள் முழுசாக நிறுத்தி ‘ஓய்வு’ என்று அறிவிக்க வேண்டும். அல்லது தினமும் ஓர் ஆளையாவது ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். சென்னையில் தன் இரண்டு காலை நீட்டவே சொந்த நிலம் இல்லாதவர்கள் வண்டியின் நாலு காலுக்கு எங்கே போவார்கள்? எல்லோரும் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை காலையில் காலியாகக் கிடந்த ரெட்டேரிச் சாலை இப்போது விடியும் முன்பே நிரம்பியது. சாலையில் நெரிசலைக் குறைக்க வந்த சட்டம் அது.

எதிர்வீட்டுக்காரர் கொஞ்ச நாள் அரிசி மூட்டைக்குச் சட்டை மாட்டி உட்கார வைத்து அனுப்பினார். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைப் பொருத்தினார்கள். அடுத்த நாள் ஆட்டை அனுப்பினார். ஆடு பயணியா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. ஆடு இப்போது இல்லை.

வண்டி ஏரிக்கரையில் ஊர்ந்தது. ஆதிரன் தினமும் கேட்பதைக் கேட்டான்.

“அன்னைக்குக் கடைசியா என்ன சொன்ன?”

“ஆதிகிட்ட சொல்லு, நான் எங்கயும் போகல, அவன் போற வழியெல்லாம் நான்தான் நிழல்னு சொன்னேன்.”

நேற்று நிழல் இல்லை, காற்று. போன வாரம் மழை. முதல் மாதத்தில் வெறும் ‘ஆதி சாப்பிட்டானா’ என்பதோடு சரி. நிலானி உயிரோடு இருந்தபோது மழையைப் பற்றிப் பேசியதெல்லாம் துணி காயவில்லை என்ற அளவில்தான். கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிறவள். நாள் முழுக்க வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு ‘இது தெளிவா, இது தெளிவா’ என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், ரசமா சாம்பாரா என்பதற்குமேல் பேச வாய் வராது. இறந்த பிறகு பேச்சில் நன்றாகத் தேறியிருந்தாள்.

எப்படித் தேறுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். எந்தப் பதிலுக்கு அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறானோ, அந்தத் திசையில் வண்டியின் பேச்சு மறுநாள் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். பொறியியல் படித்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். மறுநாளும் கேட்பான்.

அன்று மதியம் அவள் தலைவலி என்று பாதி வேலையில் திரும்பி வந்தாள். வண்டியை நிறுத்தினாள். மாடிப்படி ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள். ஆதிரன் அப்போது கிண்டியில், அலுவலகத்தில், ஒரு கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவள் கடைசியாகப் பேசியது அவனோடு இல்லை. வண்டியோடு.

அந்த வண்டிக்கு அவள் வைத்த பெயர் குண்டன்.

ரெட்டேரியைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது வாசலில் ஓர் அம்மணி நின்றிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் குடை. வாகன ஓய்வு ஆய்வாளர், பெயர் ஃபர்ஹானா. நடந்தே வந்திருந்தார். வண்டித் துறை அதிகாரிக்கு வண்டி கிடையாது. நிறுத்த இடமில்லையாம்.

“வாங்க மேடம், வெயில்ல நிக்கிறீங்களே, தண்ணி குடிக்கிறீங்களா?” என்றது வண்டி.

ஃபர்ஹானா உள்ளே எட்டிப் பார்த்தார். லுங்கியோடு ஒருவன் மட்டும் இருந்தான்.

“வண்டி யார் பேர்ல சார் இருக்கு?”

“என் மனைவி பேர்ல.”

“இப்ப பேசினது அவங்களா?”

“இல்ல. அவங்க இறந்துட்டாங்க.”

ஃபர்ஹானா குடையை மடக்கினார். “அப்ப இது சும்மா வண்டி சார்.”

“இப்பதான் சுத்திட்டு வந்தேன். உங்க கண்ணு முன்னாடி இறங்குறேன்.”

“நீங்க விருந்தாளி. உரிமையாளர் செத்துப்போனா, விருந்தாளி காசி வரைக்கும் போயிட்டு வந்தாலும் அது உபயோகம் இல்ல. சட்டப்படி இந்த வண்டி எட்டு மாசமா நகரவே இல்ல.”

சக்கரத்தில் ஏரிக்கரைச் சாணி இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. ஆதிரன் அதைக் காட்டினான். சாணி ஆதாரமாகாது என்றார் ஃபர்ஹானா.

“சரி, அவங்க குரல்ல ஏன் சார் பேசுது?”

“உரிமையாளர் இல்லாதப்ப யாராவது ஏறினா, உரிமையாளர் மாதிரியே வாங்க, உக்காருங்கன்னு பேசும். கம்பெனி வச்ச மரியாதை. உரிமையாளர் ஒரேயடியா இல்லாம போவாங்கன்னு அவங்க யோசிக்கல.”

“வண்டிய உங்க பேருக்கு மாத்திக்கோங்களேன்.”

“மாத்தினா நான் உரிமையாளர். என்கிட்ட கம்பெனி குரல்ல பேசும். விருந்தாளி வந்தா என் குரல்ல பேசும். என் குரல் என்கிட்டயே இருக்கு மேடம்.”

ஃபர்ஹானா வண்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு அரசாங்கக் குரலுக்குத் திரும்பினார். “இன்னைக்குள்ள உள்ள நிறுத்தி ஓய்வு அறிவிக்கணும். இல்லன்னா லாரி வந்து தூக்கிட்டுப் போயிடும். எங்க கிடங்குக்குப் போனா உள்ள இருக்கிற பேச்சு எல்லாத்தையும் துடைச்சிடுவாங்க. வெறும் தகரம்தான் திரும்பி வரும்.”

“உள்ள நிறுத்திட்டா பேசுமா?”

“காம்பவுண்டுக்குள்ள அது பேசுனா என்ன, பாடுனா எங்களுக்கென்ன சார்? மூக்கு, வால், நாலு சக்கரம் எல்லாம் பட்டா இடத்துல இருக்கணும். அவ்ளோதான்.”

“உள்ளதான நிறுத்துறேன்.”

வண்டி அதற்குள் தானாகவே கேட்டுக்குள் ஏறி நின்றுவிட்டிருந்தது. ஃபர்ஹானா குடைக்காம்பால் அதன் பின்பக்கத்தைத் தொட்டார். வால் கேட்டைத் தாண்டி வாசல் சரிவின்மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

“சரிவு எங்களோடது மேடம்!”

தரைத்தள வீட்டிலிருந்து விக்னேஷ் மாமா வேகமாக வந்தார். அவர் காலத்தில் தெருவுக்கு நாலு விக்னேஷ். செயலி எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய செயலிகள் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. இப்போது அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே நிர்வாகம் இந்த கேட்.

“நானே நின்னு சிமென்ட் பூசினேன் மேடம் இந்தச் சரிவ.”

“கார்ப்பரேஷன் கால்வாய் மேல பூசியிருக்கீங்க அங்கிள்.”

“முப்பது வருஷமா என் பொண்டாட்டி இங்கதான் கோலம் போடுறா!”

“கோலம் போட்டா பட்டா ஆயிடுமா? அப்படின்னா மார்கழியில பாதி மெட்ராஸ் உங்க வீட்டம்மா பேருக்கு வந்துடும்.”

விக்னேஷ் மாமா அந்தச் சாத்தியத்தை ஒரு நொடி நிஜமாகவே யோசித்தார். ஃபர்ஹானா அடுத்த வீட்டுச் சரிவைப் பார்க்கப் போனார். தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டுக்காரரும் ‘இது எங்க சரிவு’ என்று சொல்லும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

நிலானி இருந்தவரை வண்டி முழுசாக உள்ளேதான் நின்றது. ஆதிரன் வேலைவிட்டு வரும்போது கேட் சாத்தியிருக்கும். அவள் போனபிறகு அவன் முதல்முறை ஏறிச் சுற்றிவிட்டு வந்த அன்றே வண்டி வால் வெளியே தெரிய நின்றுவிட்டது. வண்டிக்கும் துக்கம் என்று அவன் நினைத்துக்கொண்டான். கேட்டைச் சாத்த முடியாமல் விக்னேஷ் மாமா கயிறு கட்டினார். நாய்கள் கயிற்றுக்குக் கீழே புகுந்து வந்தன. முன்பெல்லாம் ஒரு விரற்கடை வெளியே நின்றாலே கத்துகிறவர், எட்டு மாதமாகக் கத்தவில்லை. மாடிப்படியில் அவளை முதலில் பார்த்தது அவர்தான். அவர் கத்தாதது ஆதிரனுக்குக் கஷ்டமாக இருந்தது.

“இன்னும் ஒரு அடி முன்னாடி போச்சொல்லு தம்பி. சுவத்துக்கும் மூக்குக்கும் நடுவுல முழுசா ஒரு முழம் சும்மா கெடக்குது பாரு.”

ஆதிரன் ஏறி உட்கார்ந்தான். “முன்னாடி போ.”

“இதுக்குமேல முடியாது ஆதி,” என்றது நிலானியின் குரல், அன்பாக. “சுவர்கிட்ட இந்த இடைவெளி விடணும். விருந்தாளி சொன்னா மீற முடியாது. உரிமையாளர் சொல்லணும். இடிச்சா பொறுப்பு யாரு?”

“நீதான உரிமையாளர் குரல்ல பேசுற?”

“பேசுறேன்.”

விக்னேஷ் மாமா ஜன்னலுக்குள் தலையை விட்டார். “ஏம்மா, அப்ப நீயே உனக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கோயேன்.”

“நான் சொன்னா அது நான் சொன்னது மாமா. அவங்க சொன்னதா ஆகாது.”

அவங்க.

எட்டு மாதத்தில் அந்தக் குரல் நிலானியை ‘அவங்க’ என்று சொன்னது அதுதான் முதல்முறை. ஆதிரன் கதவைத் திறந்து இறங்கினான். கொஞ்ச நேரம் கோலத்தின்மேல் நின்றான்.

இருவரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. “இடுப்பு பிடிச்சுக்கப் போகுது மாமா, வேணாம்,” என்றது வண்டி. எதிர்ச்சுவரைக் கொஞ்சம் இடித்துப் பள்ளமாக்கலாமா என்று பார்த்தார்கள். அந்த இடத்தில் பிள்ளையார் மாடம். நாலு பக்கமும் பட்டா நிலத்தில், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரைக்கூடக் கேட்டுக்கொள்ளலாம். குடியிருப்போர் சங்கத்தைக் கேட்க முடியாது.

கடைசியில் விக்னேஷ் மாமா ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்தார். பின் பம்பரைக் கழற்றினார்கள். “என்னத்த கழட்டுறீங்க, கூசுது,” என்றது வண்டி. நிலானி அப்படிச் சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஆதிரன் அதுவரை அளந்து பார்த்ததில்லை.

பம்பர் போனபிறகும் ஒரு சாண் வெளியே இருந்தது. எண்பது லட்சம் பேர் பிதுங்கி வழியும் ஊரில் ஒரு சாண்.

சாயங்காலம் ஃபர்ஹானா திரும்பி வந்தார். பின்னாலேயே லாரியும் வந்து தெருமுனையில் நின்றது. வாசலில் கழற்றிக் கிடந்த பம்பரையும், கிரீஸ் அப்பிய இரண்டு பட்டதாரிகளையும் அவர் பார்த்தார்.

“உள்ள போகலையா?”

“உரிமையாளர் சொன்னாதான் போகுமாம்.”

ஃபர்ஹானா லாரியைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார், ஓய்வு அறிவிக்கிறப்ப ஒரு சடங்கு இருக்கு. ஓய்வு எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியணும்ல? அதுக்கு உரிமையாளர் வண்டிக்குள்ள கடைசியா பேசினதை எடுத்துப் போட்டுக் கேக்கணும். உள்ள ரெண்டு வகை கெடக்கும். அவங்க சொன்னது. வண்டி சேர்த்துக்கிட்டது. சேர்த்ததைச் சட்டம் கணக்குல எடுத்துக்காது. சொன்னதுல கடைசி ஒண்ணை மட்டும் நான் எடுக்கலாம்.”

“போட்டா?”

“வண்டிக்கு அது உரிமையாளர் குரல்தான். செத்துட்டாங்கன்னு வண்டிக்கு யாரும் சொல்லல. அதுல போன்னு இருந்தா போகும். நில்லுன்னு இருந்தா நிக்கும். வேற ஏதாவது இருந்தா…” லாரியைக் காட்டினார். “என்னால முடிஞ்சது அவ்ளோதான். போடவா?”

ஆதிரன் கையிலிருந்த கிரீஸை லுங்கியில் துடைத்தான்.

கணக்கு எளிமையானதுதான். அவள் நிஜமாகவே நிழலைப் பற்றியோ காற்றைப் பற்றியோ, அட, ஆதி சாப்பிட்டானா என்றோ சொல்லியிருந்தால், வண்டி அசையாது. லாரி அந்தக் குரலைக் கொண்டுபோய்த் துடைத்துவிடும். வண்டி அசைந்தால் குரல் மிஞ்சும். ஆனால் எட்டு மாதமாக அந்தக் குரல் அவனுக்குச் சொன்ன கடைசி வார்த்தை ஒன்றும் மிஞ்சாது. இது தெளிவா, இது தெளிவா? சட்டம் போட்டவர்கள் இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்க மாட்டார்கள். தற்செயலாக அமைந்திருக்கும். நல்ல கொடுமைகள் எல்லாம் அப்படித்தான்.

“தம்பி,” என்றார் விக்னேஷ் மாமா. “வேணாம்னா வேணாம்ப்பா. இன்னொரு கயிறு கட்டிக்கலாம்.”

“கயிறு போதாது மாமா.”

லாரி பின்பக்கமாக வரத் தொடங்கியது. பீப் பீப் என்று கத்திக்கொண்டே வந்தது. தெருவில் நிறுத்தியிருந்த வண்டிகள் எல்லாம் வழிவிட முடியாமல் பதிலுக்குக் கத்தின.

“போடுங்க மேடம்,” என்றான் ஆதிரன்.

அவன் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் குனிந்து நின்றான். ஃபர்ஹானா வெளியே நின்றபடி தன் கருவியை அழுத்தினார். உள்ளே முதலில் கைப்பையின் ஜிப் இழுபடும் சத்தம் வந்தது. பிறகு ஒரு பெருமூச்சு. தலைவலிக்காரியின் பெருமூச்சு. எட்டு மாதமாக வண்டி எத்தனையோ பேசியிருக்கிறது, ஒரு தடவைகூடப் பெருமூச்சு விட்டதில்லை. பிறகு அவள் பேசினாள். எரிச்சலும் அவசரமுமாக, பாதி கதவுக்கு வெளியே போய்விட்ட குரலில்.

வண்டி அசைந்தது.

எந்த விவாதமும் இல்லாமல், பொறுப்பு யாருடையது என்று கேட்காமல், சொன்ன பேச்சைக் கேட்கும் பிராணி மாதிரி முன்னே ஊர்ந்தது. பிள்ளையார் மாடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் போய் நின்றது. வால் உள்ளே வந்துவிட்டது. பம்பர் மட்டும் சரிவில் கிடந்தது. பொதுச் சாலையில் சும்மா கிடக்கும் பம்பருக்கு இன்னும் சட்டம் வரவில்லை.

விக்னேஷ் மாமா ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தார். கேட்டை இழுத்தார். இரண்டு கதவும் நடுவில் சந்தித்தன. தாழ்ப்பாள் துருவோடு முனகிக்கொண்டு உள்ளே போனது. அவர் அதைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். அவருக்கும் கேட்டிருந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“உள்ள வந்துட்டோம் ஆதி,” என்றது வண்டி, பழைய அன்போடு. “இனி நம்மள யாரும் பிரிக்க முடியாது. உனக்காக நான் இன்னொண்ணும் சொல்லியிருந்தேன், அன்னைக்கு—”

ஆதிரன் கையை நீட்டி அதன் பேச்சை அணைத்தான். சட்டம் அதைக் கேட்கவில்லை. பட்டா நிலத்துக்குள் அது எவ்வளவு வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். சும்மா இருப்பதற்கு முழு உரிமையும் கிடைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கேட்டுக்கு வெளியே, சரிவின்மேல், கார்ப்பரேஷன் இடத்தில் ஃபர்ஹானா நின்றிருந்தார். கையைக் காட்டி லாரியைப் போகச் சொன்னார். பிறகு கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்தார்.

“சார், லாரிச் சத்தத்துல எனக்குச் சரியா கேக்கல. நான் அதை அப்படியே பதியணும். கடைசியா என்ன சொன்னாங்க?”

ஆதிரன் கேட் பக்கம் வந்தான். பிறகு, அவள் சொன்ன அதே வேகத்தில், அதே எரிச்சலில் சொன்னான்.

“டேய் குண்டா, மாமா கத்துவாரு. இன்னும் கொஞ்சம் உள்ள போ. வால் ரோட்டுல நிக்குது பாரு.”